பையைக் கொட்டிக் காட்டச் சொன்ன ஆஸ்பத்திரி

மும்பையில் கேன்சர் ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மெஷின், டாக்டர் பெயர், பில் தொகை, லிஃப்ட் வாசலில் நிற்கும் கூட்டம் இவற்றைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. கிழக்குப் புறநகரில் என் மாமியார் சிகிச்சை எடுக்கும் தனியார் ஆஸ்பத்திரியில், ஓபிடி வராந்தாவின் கடைசியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் காலையில் மட்டும் திறப்பார்கள். கீமோவோடு சேர்த்து வீட்டில் என்னென்ன தின்கிறோம், குடிக்கிறோம், பூசுகிறோம் என்று கேட்டு, எது இருக்கலாம், எது கூடாது, எது பிறகு பார்க்கலாம் என்று சொல்கிற அறை அது. சித்தா, ஆயுர்வேதம், யோகா, அக்குபங்சர், வாட்ஸ்ஆப்பில் வரும் கஷாயம் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. அந்த அறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. பெயர் போட்டால் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் எல்லாரும் அந்த ஒரு அறைக்குக் கிளம்பிவிடுவீர்கள். அது தாங்காது. நீங்கள் இப்போது பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே இதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

அத்தைக்கு 61 வயது. தென்காசிப் பக்கத்துக் கிராமம், கல்யாணமாகி தாராவிக்கு வந்தவர். விடியும் முன்னால் இட்லி அவித்துத் தூக்கில் அனுப்பியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது லெட்ரோசோல் என்ற, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரையில் இருக்கிறார்.

முதலில் வேறொரு இடத்தில்தான் காட்டினோம். கீமோ தொடங்கும்போது ஊரிலிருந்து வந்த மருந்தைப் பற்றி அத்தை வாயைத் திறந்தார். அந்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இந்தக் குப்பையெல்லாம் தின்கிறதாக இருந்தால் இங்கே வர வேண்டாம்" என்று இந்தியில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் மருத்துவ நியாயம் இருக்கலாம். விளைவு என்னவென்றால், அத்தை மருந்தை விடவில்லை, சொல்வதைத்தான் விட்டார். எல்லாம் அரிசி டின்னுக்குள் போய்விட்டது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் எகிறின, கீமோ தள்ளிப்போனது. "வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா" என்று அங்கே யாரும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அத்தை சொல்லியிருக்கமாட்டார். "ஏசுதாவள்ல, எதுக்குச் சொல்லணும்?" என்றுதான் பிறகு என்னிடம் சொன்னார்.

அலைச்சல் தாங்காமல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கு மாறினோம். பதிவு செய்த அன்றே ஒரு நர்ஸ் வந்தார். கோட்டயத்துக்காரர், பம்பாயில் இருக்கும் மலையாளி சிஸ்டர்கள் பலரைப் போலத் தமிழ் நன்றாகப் பேசுகிறார். "அம்மா, இங்கே வர்றவங்க நிறையப் பேர் நாட்டு மருந்தும் சாப்பிடுறாங்க. நீங்க என்ன சாப்பிடுறீங்க?" என்றார். கேட்ட தொனியிலேயே அத்தையின் முகம் இளகியது. சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதும் என்னைப் பார்த்தார், நான் சிஸ்டரைப் பார்த்தேன். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், லேபிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

கொண்டு போனோம். அறையில் ஒரு மேசை, மேலே வெள்ளைக் காகிதம் விரித்திருந்தது. கேன்சர் மருந்துகளில் தேர்ச்சி பெற்ற ஒரு மராத்திப் பெண் பார்மசிஸ்ட், பக்கத்தில் அந்த சிஸ்டர், எதிரில் வலி நிவாரண டாக்டர். அத்தை மஞ்சப்பையைத் தூக்கிக் கொட்டினார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கறுப்பாக ஒரு மெழுகு. சீந்தில் பொடி. காய்ந்த நித்தியகல்யாணிப் பூவும் இலையும். ஆன்லைனில் என் கொழுந்தனார் வாங்கிக் கொடுத்த, மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் கேப்ஸ்யூல். அமுக்கராச் சூரணம். கோதுமைப்புல் பொடி. கடைசியில் பழைய பத்திரிகையில் மடித்த திருச்செந்தூர் விபூதி. பார்மசிஸ்ட் ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூடியைத் திறந்து முகர்ந்தார், எவ்வளவு, எந்த வேளை, கீமோவுக்கு முன்பா பின்பா என்று கேட்டு எழுதிக்கொண்டார். "யே கிஸ்னே தியா, மாவுஷி?" (இதை யார் கொடுத்தது, சித்தி?) என்று கேட்டபோதும் குரலில் கோபம் இல்லை. முகம் சுளிக்கவும் இல்லை. அந்த நேரம் முழுக்க நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீந்தில் பொடியைத்தான் முதலில் தனியாக எடுத்து வைத்தார். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்தி என்று சொல்லி ஊரே குடித்தது இது. வடக்கே கிலோய் என்பார்கள். இதைக் குடித்த சிலருக்கு ஈரல் பாதித்ததை 2021-ல் மருத்துவ இதழில் எழுதியவர்கள் இதே மும்பையின் ஈரல் மருத்துவர்கள்தான், ஆறு நோயாளிகளின் விவரத்தோடு. சித்தா, ஆயுர்வேதத்தைக் கவனிக்கும் மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது என்பதையும் டாக்டரே சொன்னார். "உங்கள் ஈரல் அளவு ஏறியதற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கீமோவும் ஏற்றும். அமுக்கராவாலும் சிலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது. இரண்டையும் நிறுத்திவிட்டுப் பார்ப்போம்" என்றார். நிறுத்தினோம். அளவுகள் இறங்கின, கீமோ மறுபடி தொடங்கியது. அப்போதும் அவர் "பார்த்தீர்களா, நான் சொன்னேன்" என்று பேசவில்லை. கோப்பில் எழுதி வைத்தார், அவ்வளவுதான்.

நித்தியகல்யாணியைப் பற்றி அந்த மேசையில் கேட்டதை எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டிருக்க வேண்டும். நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்கிற அதே செடி. கேன்சர் மருந்தே இதிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று சொல்லித்தான் பெரியம்மா ஒருவர் அனுப்பியிருந்தார். அது உண்மைதான். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்துகள் இந்தச் செடியிலிருந்து வந்தவை, அதில் வின்பிளாஸ்டின் 1950-களில் கனடாவில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடப் போனவர்கள் கண்ணில் பட்டது. பார்மசிஸ்ட் அதை மறுக்கவில்லை. "இந்த மருந்தை நாங்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தத்தில் வெள்ளணு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, ரத்தக்குழாயில் மட்டும் ஏற்றுகிறோம். ஊசி விலகி வெளியே கசிந்தால் சதையே வெந்துபோகும். உங்கள் கஷாயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். அத்தைக்கு அது சட்டென்று புரிந்தது. அவரே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

மெழுகுதான் கஷ்டமான விஷயம். அது ரசகந்தி மெழுகு. ரசமும் கந்தகமும் சேர்ந்தது, ரசம் என்றால் பாதரசம். கொடுத்தவர் அத்தையின் குடும்பத்துக்குத் தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் சித்த வைத்தியர், அத்தைக்கு அவர் மேல் கடவுளுக்கு அடுத்த நம்பிக்கை. அதை வேண்டாம் என்றால் அவரையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? வைத்தியரின் நம்பரைக் கேட்டார். என் போனில் ஸ்பீக்கர் போட்டு, சிஸ்டர் நடுவில் மொழிபெயர்க்க, இரண்டு வைத்தியர்களும் பேசிக்கொண்டார்கள். பக்லிடாக்செல் என்ற மருந்து ஏறுகிறது, கை கால் விரல் மரத்துப்போவது அதன் பக்கவிளைவு, பாதரசமும் நரம்பையும் சிறுநீரகத்தையும் தொடும், இரண்டும் ஒன்றாக உள்ளே போனால் எதனால் மரத்தது என்று கண்டுபிடிக்க முடியாது, மருந்தைக் குறைக்கவும் வழி தெரியாது என்று டாக்டர் சொன்னார். வைத்தியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்கய்யா, அங்க வைத்தியம் முடியட்டும். நான் பத்தியத்த மட்டும் பாத்துக்கிடுதேன்" என்றார். அத்தையிடம் தனியாக "நீ மனசு விடாத, அவிய சொல்லுதபடி கேளு" என்றார். இதற்கு மேல் ஒரு டாக்டர் ஒரு நோயாளிக்கு என்ன மரியாதை செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

விபூதியை பார்மசிஸ்ட் தொடவே இல்லை. சிஸ்டர்தான் மடித்து அத்தையின் கையில் கொடுத்தார். "நெத்தியில பூசிக்கோங்கம்மா. வெள்ளணு குறைஞ்சிருக்கிற நாள்ல வாயில மட்டும் போட வேண்டாம்." அதே காரணத்துக்காகப் பச்சையாக அரைத்துக் குடிக்கும் சாறுகளையும், கோதுமைப்புல்லையும், அத்தைக்கு உயிரான பழைய சோற்றையும் அந்த நாட்களில் நிறுத்தச் சொன்னார்கள். அவித்த சூட்டோடு இட்லி சாப்பிடலாம் என்றதும் இட்லிக்கார அத்தைக்கு ஒரு ஆறுதல்.

குர்குமின் கேப்ஸ்யூலையும் கீமோ முடியும்வரை வேண்டாம் என்றார்கள். மஞ்சள் பற்றி அங்கே எல்லாரும் கேட்கிறார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண், தமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை எடுப்பவள். கதவு திறந்திருந்ததால் பார்மசிஸ்ட் அவளிடம் பேசியது காதில் விழுந்தது. ஹாலந்தில் ரோட்டர்டாமில் 2019-ல் தமாக்சிஃபென் எடுக்கும் 16 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று வேளையும் 1,200 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தபோது, ரத்தத்தில் அந்த மாத்திரையின் வேலை செய்யும் வடிவமான என்டாக்சிஃபென் சுமார் 8 சதவீதம் குறைந்தது. மிளகுச் சத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது சுமார் 12 சதவீதம். கேப்ஸ்யூல் கம்பெனிகள் உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று மிளகுச் சத்தைச் சேர்த்துத்தான் விற்கின்றன. அந்தப் பெண் பயந்துபோய், அப்படியானால் குழம்பில் மஞ்சள் போடக் கூடாதா என்று கேட்டாள். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அந்த ஆய்வின் அளவு வர வேண்டுமானால் நாளுக்கு நூறு கிராமுக்கு மேல் தூளைத் தின்ன வேண்டும், குழம்பு பாட்டுக்கு வையுங்கள் என்று பார்மசிஸ்ட் சொன்னார். "உணவு வேறு, கேப்ஸ்யூல் வேறு" என்று அவர் அடிக்கடி சொல்வார். எனக்கு மனசில் நின்ற வாக்கியம்.

வேண்டாம் என்று சொல்வதோடு அனுப்பிவிட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். பையிலிருந்து எடுத்ததற்குப் பதிலாக அத்தையின் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்தார்கள். வாந்திக்கு இஞ்சி. அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் பார்த்து 2012-ல் வெளியான ஆய்வில், வழக்கமான வாந்தி மாத்திரையோடு அரை கிராமிலிருந்து ஒரு கிராம்வரை இஞ்சிப் பொடி, கீமோவுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கிக் கொடுத்தபோது முதல் நாள் குமட்டல் குறைந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தாமல் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்தால் எங்களிடம் கேட்காமல் தொடர வேண்டாம் என்றார்கள். பிறகு சிஸ்டர் அத்தையின் இடது உள்ளங்கையைத் திருப்பி, மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாருக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தக் கற்றுக் கொடுத்தார். குமட்டல் வரும்போது செய்ய ஒரு வேலை இருப்பதே பெரிய விஷயம் என்று அத்தையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சொட்டு ஏறும்போது அவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் காட்டிக் கொடுப்பார்.

யோகா நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஆபரேஷன் பக்கத்துத் தோளை மெதுவாகத் தூக்குவதும் மூச்சும்தான். இது இலவசம். பரேல் டாடா ஆஸ்பத்திரியே 850 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் யோகா ஆய்வு நடத்தி, 2022 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ மாநாட்டில் முன்வைத்தது. ஆசிரியை அதைச் சொல்லிவிட்டு, "இது மருந்தோடு சேர்த்துத்தான், மருந்துக்குப் பதில் கிடையாது" என்பதையும் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறார்.

இப்போது லெட்ரோசோலால் அத்தைக்கு முட்டி வலி. காலையில் எழுந்து நிற்கவே நேரமாகும். இந்த வலி தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடும் பெண்கள் நிறைய. இதற்கு அக்குபங்சர் பரிந்துரைத்தார்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவச் சங்கமும் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வலி வழிகாட்டுதலில், இந்த வகை மாத்திரையால் வரும் மூட்டு வலிக்கு அக்குபங்சர் இருக்கிறது. ஊசி போடுமுன் ரத்த அறிக்கையைக் கேட்டார்கள், ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைத் தொடவில்லை. எங்கே போனாலும் இந்த இரண்டையும் கவனியுங்கள், கேட்காமல் குத்துகிறவரிடம் உட்காராதீர்கள். அத்தைக்கு வலி போய்விட்டது என்று சொல்ல முடியாது. பாத்திரம் தேய்க்கக் குனிகிறார், மாத்திரையைத் தொடர்கிறார். ஆனால் இதற்குத் தனிக் கட்டணம், ஒரு தடவைக்கு 600 ரூபாய், இன்ஷூரன்ஸில் வராது. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சுமைதான்.

என் கொழுந்தனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீமோவை விட்டுவிட்டு இயற்கை வைத்தியத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று அவர் நின்றார். பாசம்தான், அம்மா முடி கொட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை அவருக்கு. டாக்டர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று வைத்தியத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரின் இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். அதே குழு அதே ஆண்டில், துணை வைத்தியத்தையும் சேர்த்து எடுத்தவர்களைப் பார்த்தபோது, ஆபரேஷன், கீமோ போன்றவற்றில் ஏதாவது ஒன்றை மறுத்தவர்கள் அவர்களில் அதிகம் இருந்தார்கள், இறப்பு கூடியதற்கு அந்த மறுப்புதான் காரணமாகத் தெரிந்தது. "உங்கள் அம்மாவுக்குப் பிடித்ததில் ஆபத்தில்லாத அத்தனையையும் நான் கூடவே வைத்துக்கொள்கிறேன். கீமோவை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றார். கொழுந்தனார் அதற்குப் பிறகு அத்தையைக் கூட்டிக்கொண்டு அவரே கீமோவுக்கு வந்தார்.

குறைகள் இல்லாமல் இல்லை. அந்த அறையில் எழுதுவது வார்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. அத்தையைக் காய்ச்சலோடு ராத்திரி சேர்த்தபோது டியூட்டி டாக்டரிடம் எதுவும் தெரியவில்லை, நான் போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவைக் காட்டித்தான் சொன்னேன். இது பெரிய ஓட்டை, அவர்கள் அடைத்தே ஆக வேண்டும். வாரத்தில் ஒரு காலை போதாது, டோக்கன் எட்டரைக்கே தீர்ந்துவிடுகிறது, நாசிக்கிலிருந்தும் சாங்லியிலிருந்தும் வந்தவர்கள் திரும்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். உணவு ஆலோசகர் முதலில் தலியா (உடைத்த கோதுமைக் கஞ்சி), பனீர் என்று ஒரு தாளைக் கையில் திணித்தார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இத எவ திம்பா?" என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, சொதி, ரசம், முட்டை, இட்லி என்று புதிதாக எழுதிக் கொடுத்தார். கேட்கத் தெரியாதவர்களுக்கு அந்தத் தலியா தாள்தான்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வார்டுக்குத் தகவல் போகிற நாளில் மீதி ஒன்றையும் கொடுத்துவிடுவேன்.

உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு அறை இல்லாவிட்டால் கேன்சர் பார்மசிஸ்ட் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெரிய இடங்களில் இருப்பார்கள், நாம்தான் கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும், விலைச் சீட்டு இருந்தால் அதோடு சேர்த்து, எடுத்துப் போங்கள். ஆபரேஷன் தேதி வைத்திருந்தால் பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரையைக்கூடச் சொல்லிவிடுங்கள், ரத்தம் நிற்பதோடு சம்பந்தப்பட்டவை. நோயாளி வாய் திறக்கும்போது டாக்டர் ஏசினால், நீங்கள் குறுக்கே பேசுங்கள்.

அங்கே தரும் குறிப்புத் தாள் மராத்தி, இந்தி, இங்கிலீஷில் மட்டும்தான் இருக்கிறது. தமிழில் நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன், உடனே சம்மதித்தார்கள். கிலோய் என்று இருந்த இடத்தில் சீந்தில், அஸ்வகந்தா இருந்த இடத்தில் அமுக்கரா என்று போட்டு, நித்தியகல்யாணிக்குப் பக்கத்தில் சுடுகாட்டு மல்லி என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்மசிஸ்ட் சிஸ்டரை வைத்து வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் அச்சாகும் என்றார்கள்.